சத்தூசியும் தூரியனும்

என் முன் பற்கள் இரண்டும் போனதற்கு மல்லாவிச் சந்தைக்குப் போகிற வீதியில் நின்ற ஒரு மாடுதான் காரணம். மாட்டை நான் திட்டவில்லை என்று சொன்னால் அது பொய். வாயில் இரத்தம் ஒழுக ஒழுக, வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அது ஓர் அடி விலகாமல் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

உண்மையில் அதை விழுந்தது என்றே சொல்லக்கூடாது. மாட்டைக் கண்டதும் பிறேக்கைப் பிடித்தேன், ஸ்கூட்டி நின்றேவிட்டது. நின்ற ஸ்கூட்டிதான் ஒரு பக்கமாகச் சரிந்தது, நானும் அதோடு சரிந்தேன். கையை ஊன்றினேன். வீதிக்கரைக் கல்லில் வாய் பட்டது. ஒரு பல் அங்கேயே விழுந்தது, மற்றது பாதியில் முறிந்தது. மிச்சத்தை ஆசுபத்திரியில் பிடுங்கினார்கள். அன்று பின்னேரம் என் மனுசன் விழுந்த இடத்துக்குப் போய்த் தேடி, பல்லைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். விரித்துப் பார்த்தால் வெள்ளைக் கூழாங்கல்.

"உமக்குப் பல்லும் கல்லும் ஒரே நிறம் தானே, எனக்கென்ன தெரியும்," என்றார்.

ஊன்றின கையும் மணிக்கட்டில் முறிந்திருந்தது. அதுதான் டொக்டருக்குச் சரியாகப் படவில்லை. நின்ற வண்டியில் இருந்து சரிந்ததற்கு எலும்பு முறிவதா என்று யோசித்து, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற ஸ்கானுக்கு அனுப்பினார். எலும்பு மெலிந்துபோய்விட்டது என்று முடிவு வந்தது. வயது ஒரு காரணம். எனக்கு நெடுநாளாக ஆஸ்துமா இழுப்பு இருக்கிறது, அது கூடும்போதெல்லாம் போட்ட ஸ்டீரொய்ட் குளிசை இன்னொரு காரணம். இனி ஒருக்கால் விழுந்தால் இடுப்போ முதுகோ போகும் என்று வவுனியாவில் நான் காட்டுகிற எலும்பு டொக்டர் சொன்னார். முதலில் கிழமைக்கு ஒரு குளிசை தந்தார். வெறும் வயிற்றில் விழுங்கி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்து, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கவேண்டும். அது என் நெஞ்சை எரித்துத் தள்ளிவிட்டது. அதை நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போடுகிற ஊசிக்கு மாற்றினார்.

முதல் ஊசியன்று நான் பயந்து போயிருந்தேன். ஊசி போட வந்த நேர்ஸ் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. இது எலும்புக்குச் சத்து."

அந்த ஒரு சொல்லில் என் பயம் போய்விட்டது. நான் முன்பள்ளி ரீச்சர். எங்கள் முன்பள்ளியில் காலையில் பிள்ளைகளுக்குச் சத்துமா குழைத்துக் கொடுப்போம். சுவரில் சத்துள்ள உணவு என்று கீரையும் முட்டையும் பப்பாசியும் படமாகக் கீறி ஒட்டியிருக்கிறேன். சத்து என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுவேனோ தெரியாது. சத்து என்றால் நல்லது, உடம்பில் சேருவது, யாருக்கும் கேடு செய்யாதது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊசிக்குப் பெயர் சத்தூசி. அதன் உண்மையான பெயரை நானும் கேட்கவில்லை, மனுசனும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் பூராயம் கேட்கிற மனுசன் இதைமட்டும் கேட்காமல் விட்டார்.

கை பொருந்திவிட்டது. பல்லுக்குத்தான் வழி இல்லை. பல் இல்லாவிட்டால் சாப்பாடுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டை எப்படியும் கடைவாய்க்குத் தள்ளிச் சமாளித்துவிடலாம். பேச்சை எங்கே தள்ளுவது? சகரம் என் வாயை விட்டே போய்விட்டது. சூரியன் என்று சொல்லப் போனால் நாக்கு அந்த ஓட்டைக்குள் நுழைந்து தூரியன் என்று வரும். சட்டை தட்டை ஆனது. சிங்கம் திங்கம் ஆனது. சந்திரன் தந்திரன் ஆகிவிட்டான். இங்கே என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறேன். வேறு வேலை பார்க்கிறவர்களுக்கு அது பகிடியாகப் போயிருக்கும். நான் நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல் சொல்லிக் கொடுக்கிறவள். என் வாயைப் பார்த்துத்தான் அதுகள் பேசுகின்றன.

கழட்டிப் பூட்டுகிற பல் கட்டினேன். அது அண்ணத்தில் ஒரு தட்டோடு வந்தது. சகரம் திரும்பி வந்தது, ஆனால் கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தோடு வந்தது. கொஞ்சம் உரத்துப் பேசினால் கழன்றுவிடும். ஒரு நாள் பிள்ளைகளை வட்டமாக நிறுத்திப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது பல் தெறித்து வட்டத்துக்கு நடுவில் விழுந்தது. பிள்ளைகள் ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றன. பிறகு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

"ரீச்சர், இன்னொருக்காக் கழட்டிக் காட்டுங்கோ!"

அடுத்த கிழமை முழுக்க இதே ஆக்கினைதான். தாய்மாரைக் கூட்டிவந்து வாசலில் நின்று கேட்டன. நான் அந்தப் பல்லைக் கழட்டிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படிப்பிக்கத் தொடங்கினேன். வாயைப் பொத்தினால் பிள்ளைகளுக்கு உதடு தெரியாது, சத்தம்மட்டும்தான் கேட்கும். கேட்டதெல்லாம் தூரியன்.

ஒரு தாய் வந்து என்னோடு கதைத்ததுதான் என்னை உலுப்பியது. அவளுடைய மகள் அந்த வருடம்தான் சேர்ந்தவள், துடியாட்டம் பிடித்த பிள்ளை. தாய் நல்ல மரியாதையான மனுசி. சொல்லவும் ஏலாமல் விடவும் ஏலாமல் படலையடியில் நின்று நெளிந்தாள்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. பிள்ளை வீட்டிலை 'அம்மா, தோறு தாங்கோ' எண்டு கேக்குது. தோறு இல்லை, சோறு எண்டு சொன்னால், ரீச்சர் அப்பிடித்தான் சொல்லுறவா எண்டு சண்டைக்கு வருது. வாற வருசம் பள்ளிக்கூடத்துக்குப் போகோணும், அதுதான்..."

நான் சிரித்துச் சமாளித்து அனுப்பினேன். அவள் போனபிறகு பிள்ளைகளின் சின்னப் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாக்குத் திருத்தி அனுப்பினவள் நான். இப்போது பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு ரீச்சர், "உதெந்த முன்பள்ளிப் பிள்ளையள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டால் வீட்டில் இருந்து மனுசனின் கதையை நாள் முழுக்கக் கேட்கவேண்டும். அதற்கு இது மேல்.

கனடாவில் இருக்கிற தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் வீடியோவில் வாயை ஈ என்று இழுத்துக் காட்டினாள்.

"அக்கா, இதிலை எது என்ரை பல்லு, எது நட்ட பல்லு எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. தாடை எலும்புக்குள் ஒரு திருகாணியை இறக்கி, எலும்பு அதை இறுக்கிப் பிடித்தபிறகு அதன்மேல் பல்லைப் பூட்டுவார்களாம். கழலாது, ஆடாது, பக்கத்துப் பல்லைத் தொடத் தேவையில்லை. தங்கச்சிக்கு எலும்பு ஊசி இல்லை, இழுப்பும் இல்லை. அவள் எப்படி அதை யோசிப்பாள்? வவுனியாவில் இப்போது அதையும் செய்கிறார்கள் என்று விசாரித்து அறிந்தோம்.

பல் டொக்டர் ஒரு இளம் பிள்ளை. என் மகள் வயதுகூட இருக்காது. வாயைத் திறந்து பார்த்தாள், படம் எடுத்தாள், ஆறுதலாகக் கேட்டாள்.

"அம்மாவுக்குச் சீனி இருக்கோ?"

"இல்லை."

"பிறஷர்?"

"இல்லை. இவர் வாயைத் திறந்தால்தான் ஏறும்," என்று மனுசனைக் காட்டினேன்.

அவள் சிரித்தாள். "வேறை வருத்தம் ஏதும்? மருந்து ஏதாவது தொடர்ந்து பாவிக்கிறியளோ?"

"இழுப்பு இருக்கு. அதுக்குப் பம்ப் அடிக்கிறனான், கூடினால் குளிசை போடுவன். வேறை மருந்து ஒண்டும் இல்லை."

நான் பொய் சொல்லவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்லுவேன். எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் சீனி, பிறஷர், இருதயம். எலும்பு மெலிந்தது வருத்தமா? தலைமயிர் நரைப்பது மாதிரி அது வயதோடு வருகிற ஒன்று. மருந்து என்றால் வருத்தத்துக்குப் போடுவது. சத்தூசி மருந்து இல்லை, அது சத்து. காலையில் சத்துமா சாப்பிட்டேன் என்று பல் டொக்டரிடம் போய்ச் சொல்லுவோமா? அதுமாதிரித்தான் இதையும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மனுசனுக்கும் அது ஞாபகத்தில் வரவில்லை.

அவள் இன்னொரு வழியும் சொன்னாள். இரண்டு பக்கத்திலும் நிற்கிற பற்களை அராவிச் சின்னதாக்கி, அவற்றில் மாட்டி நடுவில் இரண்டு பல்லைத் தொங்கவிடலாம். பிறிட்ஜ் என்பார்கள், பாலம்.

மனுசன் உடனே வாயைத் திறந்தார். "பாலமோ? எங்கடை ஊர்ப் பாலத்தையே இன்னும் கட்டி முடிக்கேல்லை, இவாவின்ரை வாயிலை முதல் போடுங்கோ டொக்டர்."

"சும்மா இருங்கோ," என்றேன். டொக்டரிடம் திரும்பினேன். "பிள்ளை, எனக்கு மிச்சமா நிக்கிறது நல்ல பல்லு. அதை அராவ நான் விடமாட்டன். நடுங்கோ."

நடுகிற நாளைக் குறித்தோம். அந்த நாளைக் குறித்ததில்தான் எல்லாம் வந்தது. மல்லாவியில் இருந்து வவுனியாவுக்குப் போவதென்றால் பஸ்ஸில் மாங்குளத்துக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து, வெயிலில் காய்ந்து போகவேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு வேலைக்கென்று வவுனியாவுக்குப் போவதில்லை. காணி விசயமாகக் கந்தோருக்குப் போகிறவர் அப்படியே கலியாணச் சேலையும் எடுத்து, செத்த வீட்டுக்கும் தலை காட்டி, மோட்டருக்கு வாசரும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். எனக்குச் சத்தூசி போடுகிற நாளும் கிட்டிவிட்டிருந்தது. மனுசன் போன் எடுத்துக் கதைத்து, காலையில் பல், பின்னேரம் ஊசி என்று இரண்டையும் ஒரே நாளில் கொழுவிவிட்டார். ஒரு போக்கில் இரண்டு வேலை என்று அவருக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

அன்று காலை கதிரையில் சாய்ந்து படுத்தேன். கழுத்தில் பச்சைத் துணி கட்டிவிட்டார்கள். விறைப்பூசியை டொக்டர் கையில் எடுத்துவிட்டாள். மனுசன் வெளியில் இருக்கவேண்டியவர், அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"டொக்டர், இது எத்தினை மணிக்கு முடியும்?"

"ஏன் ஐயா, அவசரமோ?"

"இல்லை, இவாவுக்குப் பின்னேரம் சத்தூசி ஒண்டு போடோணும். அதுதான் கேட்டனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற நேரத்தில் கண்டறியாத கதை. கண்ணால் முறைத்தேன். அதற்குள் டொக்டர் விறைப்பூசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"என்ன சத்தூசி?"

"எலும்புக்குப் போடுறது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, எலும்பு மெலிவுக்கு ஊசி போடுறியளோ? எவ்வளவு காலமா?"

"அது மருந்தில்லைப் பிள்ளை, சத்து," என்றேன். சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கிவிட்டது.

அவள் எலும்பு டொக்டருக்குப் போன் எடுத்தாள். எனக்கு விளங்காத ஒரு பெயரை இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். பேசி முடித்துவிட்டு வந்து, கதிரையை நிமிர்த்தி, என் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். அந்தத் துணியை அவிழ்த்தபோது வந்த ஏமாற்றத்தை இப்போதும் மறக்கவில்லை. பந்தியில் இலை போட்டு, சோறு வரமுன்னம் எழுப்பிவிட்டது மாதிரி இருந்தது.

"எலும்பு சும்மா கல்லு மாதிரி இருக்கிறதில்லை அம்மா," என்றாள். "ஒவ்வொரு நாளும் பழசு கரையும், புதுசு கட்டும். உங்களுக்குக் கரையிறது கூடிப்போச்சு. அந்தக் கரையிறதை நிப்பாட்டி வைக்கிறதுதான் அந்த ஊசியின்ரை வேலை. முதுகுக்கும் இடுப்புக்கும் அது நல்லது. ஆனா நான் இப்ப தாடை எலும்பிலை துளை போடப் போறன். அந்தப் புண் ஆறோணும் எண்டால் பழசு கரைஞ்சு புதுசு வரோணும். ஊசி அதைப் பிடிச்சு வைச்சிருக்கு. சிலபேருக்குப் புண் ஆறாமல் போகும். பல்லைச் சுத்தி இருக்கிற முரசு மூடாமல் எலும்பு வெளியிலை தெரியும், சீழ் பிடிக்கும், நட்ட ஆணியும் நிக்காது."

மனுசன் உள்ளே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப பழைய கிடுகைப் பிடுங்காமல் புதுக் கிடுகு வேய ஏலாது."

"ஓம் ஐயா, அப்பிடித்தான்."

"எல்லாருக்கும் வருமோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை அம்மா. உங்களை மாதிரி எலும்பு மெலிவுக்குப் போடுற ஆக்களுக்கு அது வாறது குறைவு. செய்யவே கூடாது எண்டும் நான் சொல்லேல்லை, இந்த ஊசி போடுற சிலபேருக்கு நட்டும் இருக்கினம். ஆனா உங்களுக்கு ஸ்டீரொய்டும் அடிக்கடி போகுது. முன் எலும்பும் படத்திலை மெல்லிசு, வேறை எலும்பு வைச்சுக் கட்டித்தான் நடோணும். எல்லாம் ஒண்டாச் சேர்ந்தால் எனக்குப் பயம்."

"உங்கடை அம்மா எண்டால் செய்வியளோ?"

"என்ரை அம்மா இந்தக் கதிரையிலை ஏறவே மாட்டா," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டாள். "ஏறினால், நான் எலும்பைத் தொடமாட்டன். பாலம்தான் போடுவன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு மாடு, ஒரு ஊசி, இந்த வாயாடி மனுசன், எல்லாம் சேர்ந்து என் பல்லைத் தின்றுவிட்டன என்று பட்டது. "அப்ப நான் அந்த ஊசியை விடுறன்," என்றேன். "விட்டிட்டு, ஊசி உடம்பை விட்டுப் போனாப்பிறகு வாறன். நடுங்கோ."

அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். "அம்மா, அதைமட்டும் செய்யாதேங்கோ. இந்த ஊசியைச் சட்டெண்டு விட்டால், பிடிச்சு வைச்சிருந்ததெல்லாம் ஒரேயடியாக் கரையத் தொடங்கும். முதுகெலும்பு விழாமலே நொறுங்கும். விடுறதெண்டால் எலும்பு டொக்டர் வேறை மருந்து தந்துதான் விடோணும். இண்டைக்குப் பின்னேரம் போய்ப் போடுங்கோ. பாலத்துக்கு எலும்பைத் தொடுறதில்லை, அதுக்கு ஊசி தடை இல்லை."

ஊசி போட நான் போகவில்லை. வெளியில் வந்து நேராக பஸ் நிலையத்துக்கு நடந்தேன். மனுசன் பின்னால் ஓடி வந்தார்.

"இஞ்சரும், ஊசி?"

"உங்கடை வாயிலை போடுங்கோ. பல்லாவது விழாமல் நிக்கும்."

மாங்குளம் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவரும் பாவம், பக்கத்துச் சீட்காரரோடுகூடப் பேசாமல் வந்தார். பேசாமல் இருந்து அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனுசன் மட்டும் வாயை மூடிக்கொண்டு வெளியில் இருந்திருந்தால் இந்நேரம் எனக்கு ஆணி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கின ஆணி என்னவாகியிருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமை முழுக்க எலும்பு டொக்டரின் இடத்தில் இருந்து போன் வந்தது, நான் எடுக்கவில்லை. மனுசன் எடுத்து "வருவா, வருவா" என்று சமாளித்தார். என் கணக்கு எனக்கு இருந்தது. முதுகு நொறுங்கும் என்கிறார்கள், நொறுங்கினால் பார்ப்போம். இப்போது நான் நேராகத்தானே நடக்கிறேன்? பல்லுத்தான் கண்ணுக்குத் தெரிகிற குறை. பிள்ளைகள் நாளுக்கு நாள் தூரியன் என்று பழகுகின்றன. எலும்பு காத்திருக்கலாம், பிள்ளைகளின் நாக்குக் காத்திருக்காது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சின்னவள், சோறு கேட்டுத் தாயோடு சண்டை பிடிக்கிறவள், ஒரு நாள் காலை விளையாடும்போது தடுக்கி விழுந்தாள். முழங்காலில் கொஞ்சம் உரசல், வேறொன்றும் இல்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டன, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குரலெடுத்து அழுதுகொண்டு என்னிடம் வந்து இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"தூக்குங்கோ ரீச்சர்!"

அழுகிற பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. புதிதாகச் சேர்ந்த பிள்ளை தாயைத் தேடி அழுதால், தூக்கி வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லுவேன். அன்றும் குனிந்தேன். குனிந்த இடத்தில் நின்றுவிட்டேன். முதுகு நோகவில்லை. பயம்தான். விழாமலே நொறுங்கும் என்று அந்தப் பல் டொக்டர் பிள்ளை சொன்னது அப்படியே காதுக்குள் வந்து நின்றது. பிள்ளையின் கைகள் மேலே நிற்கின்றன, என் கை அவளுடைய கமக்கட்டுக்குள் நிற்கிறது, என்னால் தூக்க முடியவில்லை.

"ஏன் ரீச்சர் தூக்கேல்லை?" என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

நான் மெதுவாகக் கீழே பாயில் உட்கார்ந்து அவளை மடியில் இருத்தினேன். என் கண் கலங்கினதை அவள் கவனித்திருக்கவேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என் சேலைத் தலைப்பை விலக்கி, ஒரு விரலை என் வாயில் இருந்த ஓட்டையில் வைத்தாள்.

"இதுக்குள்ளை இருந்த பல்லு எங்கை?"

"மாடு எடுத்துக்கொண்டு போட்டுது."

"மாட்டிட்டைக் கேட்டு வாங்குவமோ?"

"அது தராது பிள்ளை."

விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். "அப்ப விடுங்கோ," என்றாள். எழும்பி விளையாடப் போய்விட்டாள்.

நான் எழும்புவதற்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மனுசனிடம், "இஞ்சரப்பா, நாளைக்கு முதல் பஸ்ஸுக்குப் போவம். முதல் ஊசி, பேந்து பாலம்," என்றேன். அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். முப்பது வருடத்துக்குமேல் அவரோடு வாழ்கிறேன், அவர் கேள்வி கேட்காமல் விட்ட இரண்டாவது விசயம் அது.

ஊசி போடுகிற இடத்தில் அதே நேர்ஸ் பிள்ளை. "சத்தூசிக்கு வந்தனீங்களோ அம்மா?" என்றாள்.

"மருந்தூசிக்கு வந்தனான்," என்றேன். "பேரை ஒருக்காச் சொல்லும் பிள்ளை." அவள் சொன்னாள். நான் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், அதில் ஒரு சகரமும் இருந்தது, அதுவும் தகரமாகத்தான் வந்தது. மனுசன் பக்கத்தில் நின்று சரியாகச் சொன்னார். பிறகு போகிற இடமெல்லாம் சொன்னார். மருந்துக்கடையில், பஸ்ஸில், முடி வெட்டுகிற இடத்தில்கூட என் ஊசியின் பெயரைச் சொன்னார். நான் தடுக்கவில்லை.

பாலம் போடுகிற அன்று, நல்ல பல் இரண்டையும் அராவத் தொடங்கின சத்தம் மண்டைக்குள் கேட்டது. விறைத்திருந்தது, நோவில்லை. ஆனாலும் கண்ணால் தண்ணீர் ஓடியது. மாடு எடுத்ததற்கு நான் பொறுப்பில்லை. இந்த இரண்டையும் நானே கொடுத்தேன். டொக்டர் வேலையை நிறுத்தி, "நோகுதோ அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் விளங்கிக்கொண்டமாதிரிக் கொஞ்சம் ஆறி, பிறகு தொடர்ந்தாள். முரசைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும், இனிப் பல்லுப் பிடுங்குகிற தேவை வரவிடக்கூடாது, வாயில் எங்கே சின்னப் புண் வந்து ஆறாவிட்டாலும் உடனே வரவேண்டும், எந்த டொக்டரிடம் போனாலும் ஊசியை முதல் சொல்லவேண்டும் என்று போகும்போது வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்.

பல்லை ஒட்டின அன்று இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று சூரியன், சந்திரன், சிங்கம், சட்டை என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாம் வந்தது. அறைக்குள் இருந்து மனுசன், "என்ன, சோதினைக்குப் படிக்கிறீரோ?" என்றார். "ஓம், சோதினைதான்," என்றேன்.

அடுத்த நாள் முன்பள்ளிக்குப் போனேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். பிள்ளைகளை வட்டமாக இருத்தி, சுவரில் இருந்த மஞ்சள் படத்தைத் தொட்டுக்காட்டி, ஆறுதலாக, தெளிவாகச் சொன்னேன்.

"சூரியன்."

பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், முன்னைக்கும் மேலாக உரத்துச் சொன்னார்கள். "தூரியன்!"

"இல்லை, வடிவாக் கேளுங்கோ. சூரியன்."

சின்னவள் எழும்பி நின்றாள். இடுப்பில் கை வைத்திருந்தாள். "ரீச்சர், நீங்கள் பிழையாச் சொல்லுறியள். அது தூரியன். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை," என்றேன். "நான்தான்."

பாயில் இறங்கி அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்தேன்.

"எல்லாரும் என்ரை வாயைப் பாருங்கோ," என்றேன்.